கழன்று விழாத பொத்தான்கள்

அண்ணிக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருந்த பத்து நாட்களில்தான் நான் அந்தப் பொய்யை எழுதினேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவரைச் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அது ஒரு ராணுவத்தின் கால்சட்டையையே அவிழ்த்துவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் பள்ளிச் சீருடை தைப்பவள். வீட்டின் முன்னறைதான் கடை. அண்ணி என் அண்ணனின் மனைவி. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவன் போனதும், இனி இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படி இருக்கப் போகிறார்கள் என்று உறவுக்காரர்கள் கவலைப்பட்டார்கள். கவலை என்பது மரியாதைக்குச் சொல்வது. வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். நாங்கள் அவர்களை ஏமாற்றவில்லை, தினமும் சண்டை போட்டோம். சாப்பிட மட்டும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தோம்.

சன்னலோரம் என் தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் அண்ணியின் கம்ப்யூட்டர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், இணையத்தில் இருக்கிற கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தார். அதோடு காலை பத்து மணிக்கு டியூட்டிக்கு உட்காருவதுபோல் அதில் உட்கார ஆரம்பித்தார்.

"முப்பத்தொரு வருஷம் இவங்களை அவங்களோட இணைச்சு விட்டிருக்கேன். நடுவுல பேசின பொம்பளை யாருன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருப்பாங்களா?" என்பார். புரட்சிக்காலப் பெண்கள்மீது அவருக்கு வந்த பிடிப்புக்கு நான் வேறு காரணம் தேடியதில்லை.

நூறு வருடத்துக்கு முன் எங்கள் நாட்டில் நடந்த புரட்சியைப் பற்றி அந்தக் கலைக்களஞ்சியத்தில் கொட்டிக் கிடந்தது. தளபதிகளுக்குத் தனித்தனிக் கட்டுரை. ஒரு தளபதியின் குதிரைக்குக்கூடத் தனிக் கட்டுரை, படத்தோடு. பெண்கள் மட்டும் யாரோ ஒருவருடைய கட்டுரையின் கடைசியில், 'குடும்பம்' என்ற தலைப்பின்கீழ் ஒண்டுக் குடித்தனம் இருந்தார்கள். அண்ணி அவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து தனி வீடு கட்டிக்கொடுத்தார். நான்கு வருடத்தில் முப்பத்தெட்டுப் பேர்.

முப்பத்தெட்டிலும் அவருக்கு உயிர், பொத்தான்காரி. ராணுவ உடைத் தொழிற்சாலையில் மேலங்கிகளுக்குப் பொத்தான் தைத்தவள். அவள் கணவர் புரட்சித் துண்டறிக்கைகளை அச்சுக் கோத்தவர். அவருக்கு இருபத்திரண்டு பத்தி. இவளுக்கு அதன் அடியில் மூன்றே சொல்: 'அவருடைய மனைவியும் உதவினார்.'

"உதவினாராம்! எப்படி உதவினாங்களாம்? மை புட்டியைத் திறந்து குடுத்தாங்களா?" என்று அண்ணி மவுஸைத் தட்டினார்.

பன்னிரண்டு தடவை பஸ் ஏறி ஆவணக் காப்பகத்துக்குப் போனார். புரட்சிக்குப் பிறகு அரசாங்கம் நடத்திய விசாரணையை அப்போதே இரண்டு தொகுதிகளாக அச்சிட்டிருந்தார்கள். முதல் தொகுதியில் ஒரு பக்கத்தின் கீழே விஷயம் இருந்தது. தொழிற்சாலைக்கு வந்து இறங்கும் பொத்தான்களை வைத்தே, முகாமுக்கு எத்தனை புதுப் படைவீரர்கள் வரப்போகிறார்கள் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். மேலங்கிக்கு ஒன்பது பொத்தான். வந்ததை ஒன்பதால் வகுத்தால் தலைகள். அந்த எண் மாலைக்குள் புரட்சிக்காரர்கள் கைக்குப் போய்விடும். அவளுடைய சொந்த வாக்குமூலம் இரண்டாம் தொகுதியில் இருக்கிறதாம். அது பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார்கள். நான்கு வருடமும் அதையேதான் சொன்னார்கள்.

"ஒன்பது இல்லை அண்ணி, பத்து" என்றேன் நான்.

"பத்து எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்தச் சீருடையா இருந்தாலும் உள்மடிப்புல உபரியா ஒரு பொத்தான் தைச்சு அனுப்புவாங்க. கழன்றா மாத்திக்க."

"சான்று?"

"முப்பது வருஷமா தைக்கிறேனே!"

"உன் அனுபவம் சான்று ஆகாதுடியம்மா. எந்தப் புஸ்தகத்துல, எத்தனாம் பக்கத்துல இருக்கு, சொல்லு." ஒன்பது ஒன்பதாகவே நின்றது.

அப்புறம்தான் கண் ஆபரேஷன். கட்டோடு சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அண்ணி சொல்லச் சொல்ல, நான் ஒற்றை விரலால் டைப் செய்தேன். 'அந்தக் கமாவை எடு', 'இந்த அவளை அவர் ஆக்கு' என்று உயிரை எடுத்தார். எதையும் சேமிப்பதற்கு முன் முழுதாகச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்; அது அவர் சட்டம். ஆபரேட்டர் இல்லையா, கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார்.

ஒன்பதாம் நாள் எனக்குக் கை அரித்தது. பொத்தான்காரியின் கட்டுரை நடுவில் நானாக இரண்டு வரி சேர்த்தேன்: 'புரட்சிக்கு முந்தைய வாரம் இவர் படைவீரர்களின் கால்சட்டைப் பொத்தான்களை ஒற்றை நூலில் தைத்து அனுப்பினார். தாக்குதல் தொடங்கியதும் பொத்தான்கள் கழன்று விழ, ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கால்சட்டையுமாகப் படை பின்வாங்கியது.'

படித்துக் காட்டும்போது அந்த இடத்தை மட்டும் தாண்டிவிட்டேன். நாளை கட்டுப் பிரிப்பார்கள், திரையைப் பார்ப்பார், சிரிப்பார், என் முதுகில் ஒன்று வைப்பார், அழித்துவிடுவோம். அதுதான் திட்டம். மறுநாள் காலை ஒரே நேரத்தில் மூன்று பள்ளிக்கூடங்களிலிருந்து ஆர்டர் வந்தது. நான் மறந்தே போனேன். அண்ணியோ காதால் கேட்டு முடித்த கட்டுரையை மறுபடி கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்று அடுத்த பெண்ணுக்குப் போய்விட்டார்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாளிதழின் வாரமலரைச் சாப்பாட்டு மேசையில் விரித்தவர் அப்படியே நின்றார். அரைப் பக்கக் கட்டுரை. தலைப்பு: 'கால்சட்டையை அவிழ்த்த கைகள்.'

"இங்க பாரு நம்ம பொத்தான்காரி!" என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். சத்தமாகப் படித்துக்கொண்டே போனவர், ஒற்றை நூலுக்கு வந்ததும் நிறுத்தினார். "இது என்ன? இது நம்ம எழுத்து நடையா இருக்கு. ஆனா நான் எழுதலையே."

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நாத்தனாரே. என் முகத்தைப் பாரு."

பார்த்தேன். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். துடைத்துக்கொண்டதும் முகம் மாறிவிட்டது.

"அவ கால்சட்டையையே தொட்டதில்லைடி. மேலங்கிப் பிரிவு. நான் அவளுக்கு ஒரு வீடு கட்டினேன். நீ வாசல்ல ஒரு கோமாளி பொம்மையை நிறுத்திட்டே. இனிமே யாரும் உள்ளே வர மாட்டாங்க. வாசல்லயே சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

அன்றே அந்த இரண்டு வரியை எடுத்தார். அரை மணி நேரத்தில் அவை திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன, நாளிதழின் பெயரையும் தேதியையும் அடிக்குறிப்பாகக் கட்டிக்கொண்டு. திரும்ப வைத்தவரை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பெயருக்குப் பதில் வெறும் எண்களை வைத்துக்கொண்டு, ஆதாரமில்லாத வரிகளையெல்லாம் நறுக்கித் தள்ளும் ஒருவர். நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு வரியைக் காப்பாற்ற வந்திருந்தார்.

'சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம்' என்று எழுதினார்.

'அது பொய், என் நாத்தனார் விளையாட்டாகச் சேர்த்தது' என்று அண்ணி எழுதினார்.

'அதற்குச் சான்று உண்டா? உங்கள் நாத்தனார் சொன்னார் என்பது சான்று ஆகாது.'

"அடப்பாவி! பொய் சொன்னவ இங்கேயே மெஷின்ல உக்காந்திருக்கா, இவன் பொய்க்கு ரசீது கேக்கறான்!" என்று அண்ணி அறையெல்லாம் நடந்தார். நாற்பது நாள் நடந்தது அந்தச் சண்டை. இரண்டு பேருமே துளிகூட மரியாதை குறையாமல் எழுதினார்கள். அதுதான் பயங்கரமாக இருந்தது.

இதற்கிடையில் பக்கத்துப் பள்ளியின் டீச்சர் ஒருவர் வந்தார். ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறார்களாம். பன்னிரண்டு பேன்ட் வேண்டும்.

"விசில் ஊதினதும் பொத்தான் தெறிச்சுப் பொத்துன்னு விழணும், மேடம். உள்ளே பசங்க டிராயர் போட்டிருப்பாங்க. பொத்தான்காரி கதை தெரியுமில்லே?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவே இல்லை.

"தைச்சுக் குடு. நீ கட்டின கதை, நீயே தை" என்றார்.

பன்னிரண்டாவது பேன்ட்டைத் தைத்துக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை காலை, அண்ணி கத்தரிக்கோலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். "தலை ஒரு மாதிரி சுத்துது, கொஞ்சம் தண்ணி குடேன்" என்றார். நான் கையிலிருந்த தையலை முடித்துவிட்டு எழுந்தேன். நான்கு அங்குலத் தையல். தம்ளரோடு திரும்பி வந்தபோது கீபோர்டில் கை அப்படியே இருந்தது. தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

திரையில் பாதி வாக்கியம் நின்றிருந்தது: 'அன்புள்ள ஐயா, அச்சில் வந்துவிட்டால் பொய்யும் உண்மையாகிவிடும் என்றால், அச்சில் வராத எங்கள் பெண்கள் எல்லாரும்'. அதற்குமேல் இல்லை.

உறவுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். வீடு காலியான பிறகு கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தேன். அண்ணியின் பெயரில் நான் எழுதக்கூடாது. அது விதி, அவரே சொல்லிக்கொடுத்தது. எனக்கென்று ஒரு கணக்கு தொடங்கினேன். பெயர் கேட்டது. 'நாத்தனார்' என்று போட்டேன். யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்களாம். 'பொய் சொன்ன நாத்தனார்' காலியாக இருந்தது.

கத்தரிக்கோலுக்கு எழுதினேன்: 'ஐயா, உங்களோடு வாதாடிக்கொண்டிருந்தவர் காலமாகிவிட்டார். நான்தான் அந்த நாத்தனார். பொய் என்னுடையது. அவர் அதை எடுக்கத்தான் கடைசிவரை பாடுபட்டார். வழி சொல்லுங்கள்.'

இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: 'மிகவும் வருந்துகிறேன். அவர் எழுதும் ஒவ்வொரு பதிலுக்கும் நான் காத்திருப்பேன். இதை அவரிடம் சொன்னதில்லை. ஒரு திருத்தம்: என்னை ஐயா என்று அழைக்க வேண்டாம். நான் பல் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பிள்ளைகளின் அம்மா.'

பெண்களை யாருமே கவனிப்பதில்லை என்று நான்கு வருடம் அலறிய வீட்டில், கண்டிப்பானவர் என்றால் ஆம்பளைதான் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். 'அண்ணி இதைக் கேட்டிருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார்' என்று எழுதினேன்.

கத்தரிக்கோல் வழி சொன்னார். பழைய திருத்தங்களைப் பார்த்தாராம். நாளிதழுக்கு எட்டு மாதம் முன்பே அந்த வரி எங்கள் வீட்டிலிருந்துதான் நுழைந்திருக்கிறது. கலைக்களஞ்சியத்திலிருந்துதான் அதை எடுத்துப் போட்டோம் என்று நாளிதழ் அச்சில் ஒப்புக்கொண்டால் போதும், வரி போய்விடும். 'ஆனால் ஒன்று' என்று தொடர்ந்தார். 'வரி போனால் அந்த நாளிதழ்க் கட்டுரையும் சான்று என்ற தகுதியை இழக்கும். பிறகு மிஞ்சுவது முதல் தொகுதியின் அரைப் பக்கம். தனிக் கட்டுரைக்கு அது போதாது. நீக்கலாமா என்ற விவாதத்தை விதிப்படி நானே தொடங்க வேண்டியிருக்கும். ஏழு நாள் தருவார்கள்.'

ஆக, பொய் இருக்கும்வரை பொத்தான்காரி இருப்பாள். பொய் போனால் அவளும் போகலாம், பழையபடி கணவர் கட்டுரையின் கடைசி வரிக்கு. அண்ணி கட்டிய வீட்டை என் கையாலேயே இடிப்பதா என்று இரண்டு நாள் மெஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் டீச்சர் பேன்ட்டுகளை வாங்க வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். பொத்தான் டப்பென்று தெறித்துக் கட்டிலடியில் ஓடியது.

"சூப்பர் மேடம்! பசங்களுக்கு இப்ப பொத்தான்காரின்னா உயிரு."

"அவங்க வேற என்ன செஞ்சாங்கன்னு பசங்களுக்குத் தெரியுமா?"

"வேறயா?" என்று டீச்சர் உண்மையாகவே யோசித்தார். "வேற ஏதாவது செஞ்சாங்களா என்ன?"

அன்று மத்தியானமே நாளிதழ் அலுவலகத்துக்குப் போனேன். வாரமலர் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். சட்டையின் இரண்டாவது பொத்தான் நூலில் ஊசலாடியது. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தக் கதை நீங்க கட்டினதா? பிரமாதம்மா! நாப்பது வாசகர் கடிதம் வந்துச்சு."

"அந்த நாப்பதுல, அவ பொத்தானை எண்ணினதைப் பத்தி எத்தனை?"

அவர் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு ஏன் போடலை?"

"அது வந்து... எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானேன்னு..."

"அது தெரிஞ்ச ஒரே ஆளு நான்தாங்க. காலர் தைச்சுக்கிட்டே யோசிச்சது."

"தப்புன்னு போட்டா எனக்கு மானம் போகும்மா."

"எனக்கு மட்டும் போகாதா? என் கடிதத்தைப் போடுங்க, கீழே ஒத்த வரி நீங்க போடுங்க. ஆளுக்குப் பாதி." பையிலிருந்து ஊசி நூலை எடுத்தேன். "அதுவரைக்கும் அசையாம உக்காருங்க. அந்தப் பொத்தான் விழுந்தா அதுக்கும் பொத்தான்காரிதான் காரணம்னு எழுதிடுவீங்க."

கடிதம் அந்த ஞாயிறே வந்தது. அடியில் அவருடைய ஒத்துக்கொள்ளும் வரி, எறும்பு எழுத்தில். கத்தரிக்கோல் சொன்னபடியே செய்தார். கால்சட்டை போனது, அதே நாள் கட்டுரையின் தலையில் நீக்கல் அறிவிப்பு ஏறியது. 'மன்னிக்கவும்' என்று எனக்குத் தனியாக ஒரு வரி.

ஏழு நாளில் நான் என்ன செய்ய முடியும்? காப்பகத்துக்குப் போனேன். "இரண்டாம் தொகுதியா? பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்றார்கள். அந்த வாக்கியத்தை அண்ணி வீட்டில் நடித்துக் காட்டுவார். அதே ராகத்தில் சொன்னதால் எனக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்து தொலைத்தது.

ஐந்தாம் நாள் காலையில் போன் அடித்தது. வாரமலர் ஆசிரியர்.

"அம்மா, ஒரு தடவை மாட்டினது போதும், இந்தத் தடவை நானே நேர்ல பாத்துடறதுன்னு பைண்டிங் கடைக்கே போயிட்டேன். ரெண்டாம் தொகுதி மூணு வருஷம் முன்னாடியே தயாராம். யாரும் வந்து எடுத்துட்டுப் போகலை, அதான் அலமாரியில இருக்குன்னு சொல்றாங்க! வாக்குமூலம் கிடைச்சிடுச்சு. நாலு பக்கம். ஞாயித்துக்கிழமை முழுசா போடறேன். ஒரு இடம் மட்டும் இப்பவே படிக்கட்டுமா?"

"லைன்லயே இருங்க" என்றேன். எனக்கு அது அண்ணியின் வாக்கியம். எழுந்து போய் அவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். "படிங்க."

ஞாயிறன்று அது அச்சில் வந்தது. நீக்கல் விவாதத்தின் கடைசி நாள். கத்தரிக்கோல் நாளிதழைக் காலை ஆறு மணிக்கே வாங்கியிருக்க வேண்டும். நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது அறிவிப்பு எடுக்கப்பட்டிருந்தது. 'கட்டுரை இருக்கட்டும். புதிய சான்றைச் சேர்க்கும் உரிமை உங்களுடையது' என்று எழுதியிருந்தார்.

நான் ஒற்றை விரலால் டைப் செய்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. சேமிப்பதற்கு முன், சட்டப்படி, முழுதாகச் சத்தமாகப் படித்தேன். இந்த முறை ஒரு வரியையும் தாண்டவில்லை.

'ஒரு மேலங்கிக்கு எத்தனை பொத்தான் என்று நீதிபதி கேட்டார். முன்பக்கம் ஒன்பது, உள்மடிப்பில் உபரியாக ஒன்று, ஆகப் பத்து. பத்தால் வகுத்துத்தான் எண்ணிக்கையைச் சொன்னேன் என்று இவர் பதிலளித்தார். அரசாங்கத்தை உளவு பார்க்க உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நீதிபதி கேட்டார். "நீங்கதாங்கய்யா. ஒரு பொத்தான் குறைஞ்சாலும் சவுக்கடி, அதனால எண்ணி வாங்கு, எண்ணிக் குடுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்ததாக விசாரணைக் குறிப்பு கூறுகிறது.'

அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். அண்ணி சிரித்து முடிக்க எப்போதுமே நேரம் எடுக்கும்.

பிறகு, என்ன மாற்றினீர்கள் என்று கேட்கும் சுருக்கப் பெட்டியில் எழுதினேன்: 'கால்சட்டை போயாச்சு. ஒன்பதைப் பத்தாக்கினேன். அண்ணி, சான்று இருக்கு. ரெண்டாம் தொகுதி, பக்கம் முன்னூத்திப் பதினாலு.' சேமித்தேன்.

ஐந்து நிமிடத்தில் கத்தரிக்கோலிடமிருந்து செய்தி வந்தது: 'சுருக்கப் பெட்டி சொந்தச் செய்திகளுக்கானது அல்ல. விதி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு தடவை நான் பார்க்கவில்லை.'